அத்தை சிரித்த வருஷம்

அத்தையை நினைத்தால் முதலில் காதில் விழுவது அவள் சிரிப்புதான். எழுபதுகளின் தொடக்கம். சோழவரம் பக்கத்தில் எங்கள் ஊர் திரௌபதி அம்மன் கோயிலில் தீமிதி. நெருப்பில் நடந்து மறுபக்கம் ஏறிய அத்தை, ஈர மஞ்சள் புடவையோடு நின்று கலகலவென்று சிரித்தாள். என் அப்பா, நைனாவின் தங்கையான அவள் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

அவளுடைய ஒரே மகனை ஏரி கொண்டுபோயிருந்தது. புருஷன் வேறொருத்தியைக் கட்டிக்கொண்டு, இவளை எங்கள் வீட்டில் விட்டுப் போனான். வருஷக்கணக்கில் மூலையில் சுருண்டு கிடந்தாள், அழக்கூட இல்லை. போட்டதைத் தின்றாள். அவளால் யாருக்கும் தொந்தரவில்லை. தீமிதியன்று காலை நடந்த கூத்தில், செத்த துரியோதனனைக் கட்டிக்கொண்டு காந்தாரி புலம்பியபோதுதான் அத்தை வாய்விட்டு அழுதாள். அழுத கையோடு பூசாரியிடம் போய்த் தீ மிதிக்கக் காப்பு கட்டிக்கொண்டாள்.

பிறகு தினமும் கோயில்தான். வாசல் கூட்டினாள், கோலம் போட்டாள், அம்மன் பாட்டு பாடினாள், வயிறாரச் சாப்பிட்டாள். எங்கள் வீட்டுக்குத்தான் அது பொறுக்கவில்லை. “புள்ளய வாரிக் குடுத்தவளுக்கு இன்னா சிரிப்பு வேண்டிக்கெடக்குது?” என்றாள் அம்மா. பேய்தான் பிடித்திருக்கிறது என்று முடிவு கட்டினார் நைனா. பாவிகள்! அவள் பிணமாகக் கிடந்தபோது ஒருத்தரும் பேயோட்டியைக் கூப்பிடவில்லை. பிழைத்து எழுந்ததும் ஆள் அனுப்பினார்கள்.

புளியமரத்தடியில் உட்கார வைத்து வேப்பங்கொத்தால் விளாசினான் பேயோட்டி. அவள் தோளை அழுத்திப் பிடித்திருந்தவர் நைனா.

“யாரு நீ? சொல்லு!”

“இதோ என்னைப் புடிச்சிக்கினு கீறாரே, அவரோட தங்கச்சி.”

பேய் பொய் சொல்கிறது என்று இன்னும் அடித்தான்.

“அப்ப ஏன் சிரிக்கிற?”

“அழுது முடிச்சிட்டேன்பா.”

உச்சி முடியைக் கொத்தாகப் பிடுங்கி மரத்தில் வைத்து ஆணி அடித்தான். ரத்தம் நெற்றியில் வழிந்தது.

மறுநாள் விடிந்ததும் குளித்து, மிச்சமிருந்த முடியில் பூ வைத்துக்கொண்டு கிளம்பினாள் அத்தை. “எங்க போற?” என்று அதட்டினார் நைனா.

“கோயிலுக்குண்ணா. அங்க யாரும் என்னை யாருன்னு கேக்க மாட்டாங்க.”

அதன்பின் எங்கள் வீட்டில் அவளோடு யாரும் பேசவில்லை. அவள் சாகும்வரை பாடிக்கொண்டேதான் இருந்தாள்.

என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்து ஒரு வருஷம் ஆகிறது. நேற்று கோயிலில் அம்மனுக்குத் தீபாராதனை காட்டும்போது, எங்கிருந்து வந்ததோ, எனக்குச் சிரிப்பு பொங்கிக்கொண்டு வந்தது. மருமகள் திரும்பிப் பார்த்தாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டேன்.