தோளுக்கு வைத்த நேர்த்தி

நாற்பத்தைந்து வயதிலும் என் தலைமயிர் நெற்றியைவிட்டு ஒரு விரல்கடைகூடப் பின்வாங்கவில்லை. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. சரி, பெருமைக்காகத்தான் சொல்கிறேன். மனைவியின் சகோதரர்கள் மூன்று பேரும் கனடாவுக்கு வந்து வீடும் காரும் வழுக்கையும் சேர்த்துவிட்டார்கள். எனக்கு இருந்தது லாசால் என்ற பிரெஞ்சு பேசுகிற புறநகரில் இரண்டாம் மாடியில் ஒரு வாடகை வீடு, துறைமுகத்துக்குப் பக்கத்துக் களஞ்சியமொன்றில் வேலை, பிறகு இந்தக் கறுத்த சுருட்டைத் தலை. கலியாண வீடுகளில் அவர்கள் என் தலையைப் பார்க்கிற பார்வையிலேயே எனக்குச் சாப்பிட்ட மாதிரி இருக்கும். அப்படிப்பட்ட தலையை நான் ஒரு வெள்ளைக்காரரின் தோளுக்காக நேர்ந்துவைத்தேன்.

எங்கள் பல்கனிக்கு நேர் கீழே ஒரு மைதானம். ஞாயிற்றுக்கிழமைகளில் வட்டாரக் கழகம் ஒன்று அங்கே ஃபுட்போல் ஆடும். காலால் உதைக்கிற விளையாட்டு அல்ல. முட்டை மாதிரி ஒரு பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடுவதும், எறிவதும், ஓடுகிறவனை மற்றவர்கள் விழுத்துவதுமான இந்த ஊர் ஃபுட்போல். யாரும் சம்பளத்துக்கு ஆடவில்லை. கூரை வேலைக்காரர்கள், லொறி ஓட்டுகிறவர்கள், ஒரு பல் வைத்தியர். எதிரணியின் பல்லைப் பற்றி அவருக்குத்தான் ஆகக் குறைந்த கவலை. இரண்டாயிரத்து நாலு, ஐந்து வாக்கில் அந்த அணியின் தமிழ் ரசிகர்கள் மொத்தமே இரண்டு பேர். நானும், எனக்குத் தேத்தண்ணி கொண்டுவந்து தந்துவிட்டு அப்படியே பக்கத்தில் இருந்துவிட்ட மனைவியும்.

அந்த விளையாட்டில் எல்லாம் குவாட்டர்பேக் கையில்தான். பந்து முதலில் அவரிடம் வரும். எதிரணித் தடியர்கள் அவரை விழுத்தப் பாய்ந்து வருவார்கள். அவர்கள் வந்து சேர்வதற்குள், தன் ஆட்களில் யார் தனியாக ஓடுகிறான் என்று பார்த்து எறிந்துவிட வேண்டும். மறு கோடிக் கோட்டுக்கு அப்பால் அவன் பிடித்தால் புள்ளி. எங்கள் குவாட்டர்பேக்குக்கு நாங்கள் வீட்டில் வைத்த பெயர் அண்ணை. அவர் என்னைவிடப் பத்து வயது இளையவர், ஆனாலும் அண்ணைதான். கிழமை நாட்களில் அங்கிரினோன் மெட்ரோ நிலையத்துக்குப் போகிற பஸ்ஸை ஓட்டுவார். விடியக்காலையில் நான் ஏறும்போது "பொன்ஜூர்" என்பார். ஞாயிறு அவர் நன்றாக எறிந்திருந்தால் திங்கள் என்னுடைய பொன்ஜூர் கொஞ்சம் நீளமாக இருக்கும்.

ஒரு ஒக்டோபரில் இரண்டு பேர் சேர்ந்து அவரை நிலத்தோடு அடித்தார்கள். வலது தோள் கழன்றுவிட்டது. எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. வெள்ளிக்கிழமை கோவிலுக்குப் போய் அர்ச்சனைத் தட்டை நீட்டினேன். ஐயர் நட்சத்திரம் கேட்டார். பஸ் சாரதியின் நட்சத்திரத்துக்கு நான் எங்கே போவது. "தெரியாட்டிச் சுவாமி பேருக்குச் செய்வம்" என்றார். மணி அடிக்கும்போது கண்ணை மூடி, அவர் தோள் சுகமாகித் திரும்பப் பந்து எறிந்தால் மொட்டை போடுகிறேன் என்று நேர்ந்தேன். வெளியே வந்து மனைவியிடம் சொன்னபோது அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை, தலையைத்தான் பார்த்தாள்.

பனி கரைந்தபோது இடி விழுந்தது. அணியைப் புதிதாகக் கட்டப்போகிறார்களாம். அண்ணை வேண்டாம். அவரைக் காத்து நின்ற பழைய ஆட்கள் பாதிப் பேரும் வேண்டாம். கல்லூரிப் பெடியன்கள் வருகிறார்கள், குவாட்டர்பேக் இருபது வயதுப் பெடியன் ஒருவன். பயிற்சியாளர் ஒரு கராஜ்காரர். அவரைத் தெருமுனைத் தெப்பனேர் கடையில் பால் வாங்கிக்கொண்டு நிற்கக் கண்டேன். என் பிரெஞ்சு வேலைத்தலத்துக்குக் காணும், கோபத்துக்குக் காணாது. மனைவி கார்தெரி என்கிற குழந்தைகள் காப்பகத்தில் பிள்ளைகளுக்குச் சமைக்கிறவள், பிரெஞ்சு அவளுக்குத் தண்ணீர்பட்டபாடு.

"நல்லா இருக்கிற வீட்டை ஏன் இடிக்கிறியள் எண்டு கேளும்" என்றேன்.

அவள் ஏதோ கேட்டாள். கராஜ்காரர் சிரித்தார், "மெர்சி" என்றார், பாலோடு போய்விட்டார்.

"என்ன கேட்டனீர்?"

"மனுசி பிள்ளையள் சுகமோ எண்டு கேட்டனான். உங்கட கோவத்தை என்ர வாயால சொல்லேலாது."

அன்றைக்கே அறிவித்தேன். இனி அந்த மைதானத்தைக் கண்ணாலும் பாரேன். பல்கனிக் கதிரையைச் சுவர்ப் பக்கம் திருப்பினேன், திரையை இழுத்து மூடினேன். மனைவி "சரி" என்றாள். ஞாயிறு வந்ததும் பிளாஸ்கில் தேத்தண்ணியும் ஒரு பெட்டியில் ரோல்ஸுமாகத் தனியே கீழே இறங்கிப் போனாள். வேலி ஓரத்தில் அவள் ஒரு கதிரை பிடித்து, பல் வைத்தியரின் மனைவிக்கு ரோல்ஸ் கொடுத்துச் சிரித்துக் கதைத்ததைத் திரை இடுக்கால் பார்த்தேன். மைதானத்தைப் பார்ப்பதில்லை என்றுதான் சபதம், மனைவியைப் பார்ப்பதில்லை என்று இல்லையே.

பெடியனையும் பார்க்கத்தான் வேண்டிவந்தது. பந்து ஒரு பக்கம் போகும், பிடிக்கிறவன் ஒரு பக்கம் போவான். திரை மூடியிருந்தாலும் என் வாய் மூடவில்லை. "பந்து எறியச் சொன்னால் பூ எறியிறான்" என்று கத்துவேன். கீழே எல்லோரும் நிமிர்ந்து பார்ப்பார்கள், பெடியனும் பார்ப்பான். தமிழ் தெரியாவிட்டாலும் அது வாழ்த்து அல்ல என்று அவனுக்கு விளங்கியிருக்கும்.

ஓகஸ்டில் ஒரு நாள் மனைவி செய்தி கொண்டுவந்தாள். "அண்ணைக்கு ஒப்பரேசன் செய்து தோள் தேறியிட்டுதாம். சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூ ரீமில சேந்திட்டாராம். வாற ஞாயிறு இஞ்ச விளையாட வருகினம்."

எங்கள் நகரம் கிடக்கிற ஆற்றுத் தீவின் மேற்கு நுனியில் இருக்கிற அந்த அணி எங்களுக்கு ஜென்ம எதிரி.

"எங்கட ரீமுக்கு எறிஞ்சால்தானே நேர்த்தி" என்றேன்.

"நேர்த்தி வைக்கேக்க ரீமின்ர பேர் சொன்னனீங்களோ?"

சொல்லவில்லை. தோள் என்றேன், பந்து என்றேன், ரீமைச் சொல்ல மறந்துபோனேன். அவளுடைய கடைசித் தம்பி ரெலிபோனில் வந்து, "அத்தான், கடவுள் தன்ர பக்கத்தைச் செய்துபோட்டார், பேந்து உங்கட விருப்பம்" என்றான். வழுக்கைக்காரனின் குரலில் அவ்வளவு சந்தோசத்தை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

அந்த ஞாயிறு திரையும் சபதமும் கிடக்கட்டும் என்று நானும் கீழே இறங்கினேன். நாய்களையும் சேர்த்து நாற்பது பேர் இருந்திருப்போம். என் நிலைமையை யோசித்துப் பாருங்கள். அண்ணை நன்றாக எறிந்தால் எங்கள் அணி தோற்கும், என் தலையும் போகும். எறியாவிட்டால் இரண்டும் தப்பும். புத்தியுள்ள எவனும் எந்தப் பக்கம் நிற்பான் என்று சொல்லத் தேவையில்லை.

அண்ணை எறியவே இல்லை. பந்தை வாங்குவார், பக்கத்தில் ஓடுகிறவன் கையில் கொடுப்பார். இடைவேளை வரைக்கும் அதுதான். தலை தப்பியது என்று ஆறுதல்பட்டிருக்க வேண்டிய நான், தோள் இன்னும் நோகுதாக்கும் என்று நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தேன். எங்கள் பெடியனோ விழுந்தபடி. அவனைக் காக்க நின்றவர்களும் அவனைப் போலப் புதியவர்கள், எதிரிகள் அவர்களைத் தள்ளிவிட்டு வந்து இவனை அடித்தார்கள். ஒவ்வொரு முறையும் எழும்பினான், புல்லைத் தட்டிவிட்டுத் திரும்பப் போய் நின்றான். ஒருமுறை விழுந்துகொண்டே ஒரு பந்து எறிந்தான் பாருங்கள், அது போய்ச் சேர வேண்டிய கைக்குச் சேர்ந்தது. நாங்கள் முன்னுக்கு வந்துவிட்டோம்.

ஆட்டம் முடிகிற நேரம். அண்ணை பந்தை வாங்கிப் பின்னுக்கு நடந்தார். இந்த முறை யாருக்கும் கொடுக்கவில்லை. அந்த வலது தோள் பின்னுக்குப் போய் முன்னுக்கு வந்தது. பந்து மேப்பிள் மரங்களுக்கு மேலால் போய், மைதானத்தின் மறு கோடியில் கோட்டைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்த ஒருவனின் கையில் இறங்கியது. நான் துள்ளினேன், கை தட்டினேன், "அண்ணை" என்று தொண்டை கிழியக் கத்தினேன். லாசால் முழுக்க என்னையே பார்த்தது. அதற்குப் பிறகுதான் நாங்கள் தோற்றுவிட்டோம் என்பது உறைத்தது.

மனைவி பிளாஸ்கை மூடினாள். "ரீமும் போச்சு, தலையும் போச்சு. நிண்டு துள்ளுறியள்."

என்ன செய்ய, எனக்கு அவ்வளவு சந்தோசம். போகும்போது அண்ணை என்னைக் கண்டு தோளைத் தட்டிக் காட்டினார். நான் என் தலையைத் தடவிக் காட்டினேன். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. பெடியன் மட்டும் புல்லிலேயே இருந்தான்.

கோவிலில் மொட்டையடிக்க வசதி இல்லை, வீட்டில் அடித்து முழுகிவிட்டு வந்து சந்தனம் பூசுங்கோ என்றார் ஐயர். வியாழன் பின்னேரம் மனைவி மெஷினோடு பல்கனிக்கு வந்தாள். சுவரைப் பார்த்தபடி நின்ற அதே கதிரையில் இருந்தேன். சுருள் சுருளாக மடியில் விழுந்தது. வலது பக்கம் முடிந்தபோது மெஷின் சூடாகிவிட்டதென்று நிற்பாட்டினாள். கீழே பயிற்சி நடந்துகொண்டிருந்தது. "முசியே" என்று யாரோ கூப்பிட்டார்கள். எழுந்து எட்டிப் பார்த்தேன். பெடியன்.

"தலைக்கு என்ன நடந்ததெண்டு கேக்கிறான்" என்றாள் மனைவி. பிறகு அவளே முழுக் கதையையும் சொன்னாள், தோளைத் தொட்டு, கும்பிட்டுக் காட்டி, எறிந்து காட்டி. சிரிப்பான் என்று பார்த்தேன். அவன் சிரிக்கவில்லை. என் பாதித் தலையைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு மெதுவாக ஏதோ சொன்னான்.

"என்னவாம்?"

"தனக்கும் தோள் நோகுதாம்."

அந்தக் கோடை முழுக்க அவன் விழுந்ததையும் எழும்பியதையும் நானும்தானே பார்த்தேன்.

"இந்தப் பாதி அண்ணைக்கு" என்றேன். "மிச்சப் பாதி அவனுக்கெண்டு சொல்லும்."

"கடவுளோட விளையாடாதேங்கோ."

"சொல்லும்."

சொன்னாள். அவன் கையைத் தூக்கி வலது தோளை ஒருமுறை சுழற்றிப் பார்த்துவிட்டு மைதானத்துக்கு ஓடினான். நான் கதிரையைத் தூக்கி மைதானத்தின் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்தேன்.

"இனி அடியும்" என்றேன்.