பவுடர் டப்பாவுக்குச் சந்தனப் பொட்டு

என் வீட்டுக்காரர் கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் கம்பி உருட்டும் ஆலையில் இருக்கிறார். பழுக்கக் காய்ந்து சீறி வரும் கம்பியை இடுக்கியால் பிடித்துத் திருப்பிவிடும் வேலை. போன வருஷம் கவரைப்பேட்டை பக்கம் பைக்கிலிருந்து விழுந்து வலது கையை உடைத்துக்கொண்டார். மாவுக்கட்டைப் பிரித்தால் உள்ளேயிருந்து ஒரு முருங்கைக்காய் வந்தது. ஆலையில் ஸ்டோர் ரூமில் உட்கார வைத்து, மற்றவர்களுக்குக் கையுறை எடுத்துக் கொடுக்கச் சொன்னார்கள்.

"கை தேறட்டும் பாக்கலாம். தேறலன்னா இங்கியே இருந்துக்கோ" என்றாராம் சூப்பர்வைசர். அன்று மனுஷன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், வாயில் வைக்கவில்லை.

மறுநாள் ஒரு பெரிய கறுப்பு டப்பா வீட்டுக்கு வந்தது. மேலே ஒரு பயில்வான் படம். தசைக்கு உரமேற்றும் பவுடராம். கலக்கிக் குடித்துவிட்டு, கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு டி.வி. முன்னால் சாய்ந்துவிடுவார்.

"இன்னாங்க, பிசியோதெரபி அம்மா கைக்குச் சொன்ன எக்சர்சைஸு?"

"அதான் பவுடரு உள்ள போயிக்கினு கீதே. அது பாத்துக்கும்."

நோகாமல் நுங்கு தின்பதில் இவரை அடித்துக்கொள்ள ஆளில்லை.

கொஞ்ச நாளில், ஆலையில் பழைய இரும்பு நிறுக்கும் தராசில் ஏறிப் பார்த்துவிட்டுக் குதித்துக்கொண்டு வந்தார். "எடை ஏறிச்சுடி! எல்லாம் சதை!"

கை என்னவோ அதே முருங்கைக்காய்தான். டப்பாவையும் அவரையும் பிசியோதெரபி அம்மாவிடம் இழுத்துப் போனேன். அவர் பொறுமையாக லேபிளைப் படித்தார்.

"இதுல கிரியேட்டின்ங்கிற சத்துக்கு மட்டும்தான் நல்ல ஆராய்ச்சி ஆதாரம் இருக்குண்ணா. அதுவும் உழைக்கிற தசைக்குத்தான் உதவும், டி.வி. பாக்குற கைக்கு இல்ல. புரதம் முட்டை, மீன், பருப்புலயே கிடைக்கும். சாப்பாட்டுல போதலன்னாதான் பவுடர். லேபிள்ல போட்டிருக்குற மத்த சரக்குக்கெல்லாம் உறுதியான ஆதாரம் கிடையாது."

"அப்போ எடை ஏறுச்சே மேடம்?"

"கிரியேட்டின் குடிச்சா முதல்ல தசையில தண்ணி சேரும்ணா. அதுதான் அது."

வெளியே வந்ததும் எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "தண்ணிதான் வோணும்னா ஊட்லயே கேன் கீதே, வா" என்றேன்.

அந்த அம்மாவிடம் கேட்டு, அவர் சொன்ன அளவுக்குக் குடிதண்ணீர் கேனில் கொஞ்சமாக ஊற்றி வலது கையால் தூக்கச் சொன்னேன். பல்லைக் கடித்தார், என் அம்மா வீட்டு வம்சத்தையே திட்டினார். ஒருநாள் கேனைப் போட்டுவிட்டுச் சுவர் பக்கம் திரும்பி நின்றுவிட்டார். அழுகிறாரா என்று நான் எட்டிப் பார்க்கவில்லை. பாவமாக இருந்தது. முட்டையை அவித்துத் தட்டில் வைத்தேன். வாரம் போகப் போகக் கேனில் தண்ணீர் ஏறியது.

ஆயுத பூஜைக்கு ஆலையில் குடும்பத்தோடு கூப்பிட்டிருந்தார்கள். எந்திரத்தின் முன்னால் இடுக்கி, சுத்தியல், ஸ்பானர் எல்லாம் சந்தனப் பொட்டோடு வரிசையாக இருந்தன. நடுவில் பார்த்தால் அந்தக் கறுப்பு டப்பா, அதற்கும் ஒரு பொட்டு!

"இன்னாண்ணே, பவுடருக்குமா பூஜை?" என்று ஆட்கள் சிரித்தார்கள்.

"என் ஆயுதம்டா அது" என்றார் இவர், மீசையைத் தடவிக்கொண்டு.

திருஷ்டிப் பூசணிக்காயில் கற்பூரம் ஏற்றி, ஒரு கையால் உயரத் தூக்கி எந்திரத்தைச் சுற்றி வருவது வருஷாவருஷம் இவர்தான். கற்பூரம் பாதியில் விழுந்தால் ஆகாது என்பார்கள். சூப்பர்வைசர் கொஞ்சம் யோசித்துவிட்டுக் காயை நீட்டினார். இவர் வலது கையில் வாங்கினார். ஐயோ, இடது கையில் வாங்கித் தொலைக்கக் கூடாதா என்று நான் முந்தானையைக் கசக்கினேன். பாதிச் சுற்றில் கை ஒரு பக்கம் சாய்ந்தது. ஆனால் இறங்கவில்லை. சுற்றி முடித்து வாசலில் போட்டு உடைத்தார்.

"தேறிட்டப்பா. பூஜை லீவு முடிஞ்சி வந்து இடுக்கியப் புடி" என்றார் சூப்பர்வைசர்.

கிளம்பும்போது டப்பாவை எடுத்தேன். காற்றாக இருந்தது. மூடியைத் திறந்தால் உள்ளே ஒன்றுமில்லை, துடைத்து வைத்த மாதிரி இருந்தது.

"இன்னாங்க இது, எப்போ தீந்துச்சு?"

"அது ஆச்சு எப்பவோ. அப்பறம் வாங்கல" என்று கிசுகிசுத்தார். "பொண்டாட்டி தண்ணி கேன தூக்க வெச்சான்னா ஆலை பசங்க முன்னாடி எப்படி சொல்ல முடியும்?"

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகக் கேனுக்கு ஒரு பொட்டு வைத்தேன். அவர் வந்து, அது கோணலாக இருக்கிறது என்று அழித்துவிட்டு, வலது கையால் நேராக வைத்தார்.