கடலைப் பார்த்துக் கூப்பிட்ட பெயர்

மாமல்லபுரம் வருவதற்கு வெகு முன்பே பஸ் ஜன்னல் கம்பியில் உப்பு பிசுபிசுக்கும். அதை விரலால் தொட்டு நக்கியதும், அம்மா கையிலேயே ஓர் அடி போட்டதும் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

அந்த ஞாயிற்றுக்கிழமை அப்பா, அம்மா, நான், தங்கை நால்வரும் செங்கல்பட்டிலிருந்து சிற்பங்களைப் பார்க்கப் போயிருந்தோம். தங்கையை வீட்டில் "பாப்பா" என்றுதான் கூப்பிடுவோம். அவளுக்கு வைத்த பெயர் செல்வி. அது, காய்ச்சலில் இறந்துபோன என் அக்காவின் பெயர். அடுத்ததும் பெண்ணாகப் பிறக்கவே, "போனவளே திரும்பி வந்துகீறா" என்று அப்பா அதே பெயரை வைத்துவிட்டார். அம்மாவுக்கோ அது வாயில் வரவேயில்லை.

பொழுது சாயும் நேரம், கடற்கரைக் கோயில் கூட்டத்தில் பாப்பா அம்மாவின் கையை விட்டுக் காணாமல் போனாள். பக்கத்துப் பாறைகளில் அலை மோதிக்கொண்டிருந்தது. "பாப்பா! பாப்பா!" என்று அம்மா கத்தக் கத்த, அங்கிருந்த சின்னப் பெண்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்; "இன்னா?" என்று ஒருத்தி பதிலே சொன்னாள். எங்கள் பாப்பாவைத்தான் காணோம்.

மாங்காய் விற்கிற பெண் ஒருத்தி கூடையை இறக்கிவைத்தாள். "இன்னாம்மா நீ, பாப்பான்னா பாதி மகாபலிபுரம் ஓடியாரும். கொயந்திக்கு பேரு வெக்கிலியா? பேரச் சொல்லிக் கூப்புடு!"

அம்மா அப்பாவைப் பார்த்தாள். பிறகு கடல் பக்கம் திரும்பி, "செல்வீ!" என்றாள்.

அந்தக் குரலை அதற்கு முன் ஒரே ஒருமுறைதான் கேட்டிருந்தேன், அக்காவை வீட்டிலிருந்து எடுத்துக்கொண்டு போன அன்று. மங்கிக்கொண்டே வந்த மணலைப் பார்த்தபடி நின்ற எனக்கு, பாப்பா கிடைக்கவேண்டுமே என்ற பயத்தோடு, எந்தச் செல்வி வருவாளோ என்ற பயமும் சேர்ந்துகொண்டது.

கல் நந்தி ஒன்றின் பின்னாலிருந்து, ஈரப் பாவாடையோடு, பாப்பாதான் வந்தாள். அம்மா அவளை வாரி இடுப்பில் வைத்து இறுக்கிக்கொண்டாள்; ஆனால் பின்னால் இன்னொருத்தியும் வரவேண்டியதுபோல அவள் கண்கள் அந்த நந்தியை விட்டு நகரவில்லை.

"யாரும்மா செல்வி?" என்று கேட்டாள் பாப்பா.

அம்மா நந்தியிலிருந்து கண்ணை எடுத்து அவளைப் பார்த்தாள். "நீதான்டி" என்றாள்.

அன்றிலிருந்து தங்கை எல்லோருக்கும் செல்வியானாள். இப்போது அங்கே கம்பி வேலி போட்டு, புல்தரை வளர்த்திருக்கிறார்கள். அம்மா நின்று கூப்பிட்ட மணல் எதுவென்று எனக்கே தெரியவில்லை. அக்காவைப் பற்றிச் சொல்லலாமென்று "செல்வி" என்று நான் தொடங்கினாலே, என் பிள்ளைகள் "அத்தையா?" என்கிறார்கள். இல்லை என்கிறேன். பிறகு யாரென்று கேட்டால், அவளைச் சொல்ல என்னிடம் வேறு பெயர் இல்லை.