என் பெயரில் ஒரு கர்ப்பம்

என் அலுமாரியின் மேல்தட்டில், பழைய நாள்குறிப்புகளுக்கு இடையில், ஒரு ஸ்கேன் அறிக்கை இருக்கிறது. அதோடு இரத்தப் பரிசோதனை அறிக்கை ஒன்றும் இணைக்கப்பட்டிருக்கிறது. இரண்டிலும் நோயாளி என்ற இடத்தில் என் முழுப் பெயர் அச்சாகியிருக்கிறது. வயதும் என்னுடையதே. ஆவணி மாதத்தில் ஒரு வியாழன் பின்னேரம், புத்தளம் நகரில் ஒரு தனியார் நிலையத்தில் எடுத்தவை. முப்பத்துநான்கு வாரக் கர்ப்பம், சிசுவின் இதயத்துடிப்பு சீராக உள்ளது, நச்சுக்கொடி கருப்பையின் வாயை மூடிக் கிடக்கிறது என்கிறது ஒன்று. இரத்த வகை பி பொசிட்டிவ் என்கிறது மற்றது. நான் ஒருபோதும் கர்ப்பமாக இருந்ததில்லை. மணம் முடித்ததும் இல்லை. அந்தப் பிள்ளை என் அண்ணியின் பிள்ளை.

அண்ணி பிலிப்பைன்ஸ் நாட்டவர். குவைத்தில் என் அண்ணன் ஒரு வீட்டில் சாரதியாக இருந்தபோது, அவர் அடுத்த வீட்டில் பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார். இருவரும் கத்தோலிக்கர் என்பதால் கோயிலில் கண்டு பழகி, மணம் முடித்துக்கொண்டு எங்கள் ஊரான எத்தாளைக்கு வந்தார்கள். அண்ணிக்கும் எனக்கும் ஏறக்குறைய ஒரே வயது. வந்த முதல் மாதங்களில் நான் அவரைப் பற்றி எழுதிய குறிப்புகளில் அடிக்கடி வருவது ஒரு பிளாஸ்டிக் பை. கடவுச்சீட்டு, விவாகப் பதிவு, ஞானஸ்நானச் சான்றிதழ் எல்லாம் அதற்குள். கடைக்குப் பாண் வாங்கப் போனாலும் அது கையில் இருக்கும். குவைத்தில் ஒரு தடவை பல்வலியில் முகம் வீங்கி, எசமானின் கையொப்பம் உள்ள அட்டை இல்லாததால் மருத்துவ நிலைய வாசலிலிருந்து திரும்பி வந்தாராம். அதைக் குறையாகச் சொல்லமாட்டார். அங்கே அப்படி, இங்கே எப்படி என்று அறிவதில்தான் அவருக்கு ஆர்வம்.

அந்த ஆர்வத்தில் அவர் கேட்ட கேள்விகள், இந்த ஊரிலேயே பிறந்து, இங்கேயே தபால் கந்தோரில் வேலை செய்து, ஊர்ச் சங்கதிகளைத் திகதியோடு குறித்துவைக்கும் எனக்கு ஒருநாளும் தோன்றாதவை. “மச்சாள், காலையில ஆஸ்பத்திரியில சும்மா பார்க்கிற அதே டொக்டர். பின்னேரம் காசு குடுத்து ஏன் பார்க்கிறீங்க?” சனல் பண்ணுவது என்பது எங்களுக்குச் சாப்பாடு போல வழக்கமான காரியம். அரசாங்க ஆஸ்பத்திரியில் காலையில் வேலை செய்யும் விசேட வைத்தியர், பின்னேரம் தனியார் நிலையத்தில் இருப்பார். இலக்கம் எடுத்து, காத்திருந்து, சில நிமிடம் பார்த்துவிட்டு வருவோம். ஏன் என்று நான் பலரிடம் விசாரித்தேன். கூட்டம் குறைவு என்றார்கள், ஆறுதலாகக் கதைக்கலாம் என்றார்கள். நுரைச்சோலையில் கருவாட்டு வியாபாரம் செய்யும் ஒரு பெண் சொன்ன விடைதான் அண்ணிக்குப் பிடித்தது: “பின்னேரம் போய் முகத்தைக் காட்டினாத்தான், காலையில வாட்டுக்குள்ள எங்கட முகம் அவருக்கு விளங்கும்.” அண்ணி அதை இரண்டு தரம் சொல்லச் சொல்லிக் கேட்டார். முகம் காட்டுவதற்குக் காசு, மருந்து சும்மா. அவர் வாழ்ந்த இரண்டு நாட்டிலும் அப்படி ஒரு ஏற்பாட்டை அவர் கண்டதில்லையாம்.

அண்ணி கர்ப்பமானபோது அவருடைய வதிவிட விசாவை நீடிக்கும் விண்ணப்பம் கொழும்பில் மாதக்கணக்காகக் கிடந்தது. பழைய விசா முடிந்துவிட்டது, புதியது வரவில்லை. அண்ணன் பயந்துபோனார். கர்ப்பிணிகளை வீடு வீடாகப் போய்ப் பார்க்கும் எங்கள் பகுதி அரசாங்கக் குடும்பநல மாது ஸ்கூட்டியில் வந்து, “வீட்டில புது மருமகள் முழுகாம இருக்காவாமே, பதியோணும்” என்று படலையில் நின்று கேட்டபோது, “நாங்க பிரைவேட்ல காட்டுறம் மிஸ்ஸி” என்று அண்ணன் சொல்லி அனுப்பினார். சீருடையைக் கண்டதும் அண்ணி ஏற்கெனவே குசினிக்குள் போய்க் கதவைச் சாத்தியிருந்தார். நான் அண்ணனுடன் சண்டை பிடித்தேன்.

“ஊசி போடத்தானே வந்தவ. பிடிச்சுக்கொண்டு போகவா வந்தவ?”

“உனக்கு விளங்காது. அரசாங்க ஆஸ்பத்திரியும் அரசாங்கம், இமிக்ரேஷனும் அரசாங்கம். பிரைவேட்காரன் ஒண்டும் கேக்கமாட்டான்.”

ஆனால் கேட்டது பிரைவேட்காரன்தான். சனல் பண்ணுவதற்கு அண்ணன் தொலைபேசியில் அழைத்தபோது, நோயாளி உள்நாட்டவரா வெளிநாட்டவரா என்பதே முதல் கேள்வி. வெளிநாட்டவர் என்றால் கட்டணம் வேறு, கடவுச்சீட்டு இலக்கமும் வேண்டும். அண்ணன் ஒரு கணம் திகைத்து, உள்நாடு என்று சொல்லி, பெயர் கேட்டதும் வாயில் வந்த முதல் பெண் பெயரைச் சொல்லிவிட்டார். அது என் பெயர். இரவுச் சாப்பாட்டில் இதை எங்களிடம் சொன்னபோது அவருக்கே சிரிப்பு வந்தது. “உன்ட வயசுதானே அவவுக்கும். சேலை கட்டினா சிங்கள ஆள் மாதிரி இருக்கும்.” அண்ணியும் சிரித்தார். நானும் சிரித்தேன் என்று அன்றைய குறிப்பில் இருக்கிறது.

நிலையத்தில் பெயரைக் கூப்பிட்டபோது அண்ணியும் நானும் ஒன்றாக எழும்பினோம். பிறகு நான் இருமுவதுபோல் பாவனை செய்து கதிரையில் அமர்ந்தேன். உள்ளே வைத்தியர் ஸ்கேன் திரையை நெடுநேரம் பார்த்தார். பிறகு என் பெயரைச் சொல்லி அண்ணியை விளித்து, மெதுவாக விளக்கினார். நச்சுக்கொடி வாசலை மூடியிருக்கிறது. எந்த நேரத்திலும் இரத்தம் போகலாம். போகத் தொடங்கினால் வீட்டிலிருந்து வருவதற்கு நேரம் போதாது. “இங்க செய்ய ஏலாது. இரத்தம் கையில இருக்கோணும். திங்கட்கிழமை பெரிய ஆஸ்பத்திரிக்கு வாங்க, என்ட வாட்டுல படுங்க. பிள்ளை பிறக்கும் மட்டும் வீட்ட போக வேணாம்.” எந்த இடத்துக்குப் போகாமல் இருப்பதற்காக இங்கே வந்தோமோ, அந்த இடத்துக்கே அவர் எங்களை அனுப்பினார்.

பாலாவி, நுரைச்சோலை வழியாக மூவரும் த்ரீவீலில் திரும்பினோம். வீட்டுக்கு வந்ததும் அண்ணன் தன் யோசனையைச் சொன்னார். பெயர் ஒரு தரம் கொடுத்தாயிற்று. டொக்டருக்கும் அந்தப் பெயர்தான் தெரியும். அதே பெயரில் வாட்டில் படுத்து, பிள்ளையைப் பெற்றுக்கொண்டு வந்துவிடலாம், என் அடையாள அட்டை போதும். அண்ணி கால்களை நீட்டி நிலத்தில் உட்கார்ந்திருந்தார்.

“பிள்ளை பிறந்தா அம்மா எண்டு யார் பேர் எழுதுவாங்க?”

அண்ணன் ஸ்கேன் அறிக்கையை உறைக்குள் திரும்பப் போட்டார்.

“மச்சாள் பேர் எழுதுவாங்க. நான் யார் பிறகு? வேலைக்கு வந்த பொம்பிளையா? குவைத்தில நான் மற்றவங்கட பிள்ளையைத்தான் தூக்கினன். இது என்ட.”

அந்தக் கணத்தில் எனக்குள் என்ன ஓடியது என்று குறிப்பில் எழுதவில்லை. வழக்கமாக எல்லாவற்றையும் எழுதுகிறவள் நான்.

ஆனாலும் அண்ணிக்குப் பயம் இருந்தது. முதலில் அந்த இடத்தைப் பார்க்க வேண்டும் என்றார். வெள்ளிக்கிழமை காலை இருவரும் பஸ்ஸில் போய், வெளிநோயாளர் பிரிவின் வாங்கில், யாரும் எங்களை எதுவும் கேட்காதபடி, யாரோ ஒருவருக்காகக் காத்திருப்பவர்கள்போல உட்கார்ந்திருந்தோம். அவர் கண் முழுவதும் துண்டு எழுதும் மேசையில் இருந்தது. வந்தவர்களிடம் என்னென்ன கேட்கிறார்கள் என்று என்னிடம் ஒவ்வொன்றாகக் கேட்டறிந்தார். பெயர், வயது, எவ்விடம், என்ன வருத்தம். வாட்டுக்குப் போகிறவர்களிடம் மட்டும் இன்னொரு கேள்வி: கூட நிற்கிறது ஆர்? கரைத்தீவிலிருந்து வந்த ஒரு முஸ்லிம் பெண்ணிடம் எவ்விடம் என்று கேட்டபோது அவர், “பிறந்தது மன்னார்ப் பக்கம் மகள், இருக்கிறது கரைத்தீவு, எதை எழுதப் போறீங்க?” என்றார். மேசையிலிருந்த பெண் தலை நிமிராமல், “இருக்கிறதைத்தான்” என்றார். நான் அதை அண்ணிக்குச் சொன்னேன். அவர் பிளாஸ்டிக் பையை மடியில் வைத்து, கொஞ்ச நேரம் அந்த மேசையையே பார்த்தார். “அப்ப எனக்கு எத்தாளை” என்றார். திரும்பும் வழியில் ஒரு தட்டும் கோப்பையும் தலையணையும் வாங்கினோம். வாட்டுக்குப் போகிறவர்கள் அவற்றையெல்லாம் கொண்டுபோக வேண்டும் என்பதையும் அவர் அந்த வாங்கிலிருந்தே கவனித்திருந்தார்.

திங்கட்கிழமை வாட்டில் நடந்ததை அண்ணன் இப்போதும் நடித்துக் காட்டுவார். தாதி ஒருவர், சிங்களப் பெண், தமிழ் நன்றாகக் கதைப்பவர். அண்ணி தன் பெயரை எழுத்து எழுத்தாகச் சொன்னார். தாதி எழுதிக்கொண்டு, அறிக்கைகளைப் புரட்டிப் பார்த்தார்.

“இது ஆருட ரிப்போட்?”

அண்ணன் கூரையைப் பார்த்தார். நான், “என்ட, மிஸ்ஸி” என்றேன்.

தாதி என் வயிற்றைப் பார்த்தார். “அப்ப நீங்களா படுக்கப் போறது?”

அடுத்த கட்டில்களில் இருந்த பெண்கள் சிரித்த சிரிப்பில் ஒருத்திக்கு இருமல் வந்துவிட்டது. அண்ணி சிரிக்கவில்லை. “மிஸ்ஸி, ஸ்கேன் என்ட வயிறு. பேர் பொய். நான் பொய்ப் பேர் வேணாம்” என்று சொல்லி, பையிலிருந்து கடவுச்சீட்டை எடுத்து மேசையில் வைத்தார். தாதி அதைத் திறக்கவில்லை. ஓரமாகத் தள்ளிவிட்டு, இரத்த அறிக்கையைத்தான் எடுத்தார். “பேர் பொய்யெண்டா இந்தத் துண்டு குப்பை. திரும்ப எடுக்கோணும்.” எடுத்தார்கள். பின்னேரம் விடை வந்தது: ஓ பொசிட்டிவ். தாதி பழைய அறிக்கையையும் புதியதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். ஓ வகைக்காரருக்குப் பி வகை இரத்தம் ஏற்றினால் என்ன நடக்கும் என்பது எனக்கே தெரிந்த விடயம். எப்படியும் பொருத்திப் பார்க்காமல் ஏற்றமாட்டோம் என்று வைத்தியர் பிறகு எங்களைத் தேற்றினார். அண்ணியின் கட்டிலருகே வந்ததும் அவர் முகத்தை உடனே அடையாளம் கண்டு, என் பெயரைச் சொல்லித்தான் கூப்பிட்டார். அண்ணி திருத்தினார்.

அந்த வாரமே இரத்தம் போகத் தொடங்கியது. ஆஸ்பத்திரியிலேயே இருந்ததால் உடனே அறுவைச் சிகிச்சைக்குக் கொண்டுபோனார்கள். இரத்தம் ஏற்றினார்கள், ஓ வகை. பெண் பிள்ளை. எடை குறைவு, குரல் பெரிது. வாட்டில் யாரும் அண்ணியிடம் விசாவைப் பற்றிக் கேட்கவில்லை. பிறப்புப் பதிவில் தாயின் பெயர் அண்ணியின் பெயர். விசா நீடிப்பு பிறகு வந்து சேர்ந்தது.

இப்போது அவர்கள் மூவரும் அண்ணியின் நாட்டில். அண்ணன்தான் இப்போது வெளிநாட்டவர். சீனி வருத்தத்துக்கு மருந்து எடுக்கப் போனால் எந்த வரிசையில் நிற்பது, எந்த அட்டையைக் காட்டுவது என்று அண்ணிதான் சொல்லிக் கொடுக்கிறாராம். விருந்துகளில் எல்லாம் அண்ணன் வாட்டுக் கதையைச் சொல்லி, “நீங்களா படுக்கப் போறது” என்ற இடத்தில் எழுந்து நின்று நடித்துக் காட்டுகிறாராம்.

போன தவக்காலத்தில், பழைய குறிப்புகளை ஒழுங்குபடுத்தும்போது, நான் அடியோடு மறந்திருந்த ஒரு வரியைக் கண்டேன். அந்த வியாழன் பின்னேரம், வந்ததுதான் வந்தோம் என்று, நானும் தைரொயிட் பரிசோதனைக்கு இரத்தம் கொடுத்திருக்கிறேன். அதே நிலையம், அண்ணிக்கு இரத்தம் எடுத்த அதே மேசை. ஒரே பெயரில், ஒரே வயதில், இரண்டு குழாய்கள். அந்தப் பி பொசிட்டிவ் வெறும் கவனப்பிழை அல்ல, என் இரத்தமாக இருக்கலாம். அப்படியானால் அண்ணன் தொலைபேசியில் சொன்ன ஒரு பொய், அண்ணியின் கையில் வேறொருத்தியின் இரத்த வகையைக் கொடுத்து அனுப்பியிருக்கிறது. அண்ணிக்கு மட்டும் தொலைபேசியில் சொன்னேன். என் இரத்த வகையைப் பார்த்தால் ஒரு நாளில் தெரிந்துவிடும் என்றேன். அவருக்குப் பின்னால் பிள்ளை ஏதோ பாட்டுப் பாடிக்கொண்டிருந்தது.

“பார்க்காதீங்க மச்சாள். அவர் அந்தக் கதையைச் சொல்லிச் சிரிக்கிறார். தெரிஞ்சா பிறகு சிரிக்கமாட்டார்.”

பி அல்லாத வகை வந்தால் அண்ணன்மேல் பழி இல்லையே என்று சொல்லிப் பார்த்தேன். அப்படி வந்தால் அப்போது சொல்லுங்கள் என்று அவர் சொல்லவில்லை. பார்க்கவே வேண்டாம் என்றார். இந்த வட்டாரத்தில் எந்தத் திகதியையும் இரண்டு இடத்தில் ஒப்பிட்டுப் பார்க்காமல் எழுதாதவள் என்று எனக்கு ஒரு பெயர் உண்டு. ஆயினும் என் இரத்த வகை எது என்பதை இதை எழுதும் நாள்வரை நான் சோதிக்கவில்லை. அறிக்கையிலுள்ள பி பொசிட்டிவ் யாருடையது என்பது உறுதிப்படுத்தப்படாத தகவல்.