ரோட்டைப் பார்த்து நின்றவள்

ஜெயக்கொடி எதற்கும் சட்டென்று கலங்குகிறவள் அல்ல. பேரையூரில் பிறந்து உசிலம்பட்டிப் பக்கம் வாக்கப்பட்டு வந்த ஏழு வருஷத்தில், நாத்தனார் ரெங்கம்மாளின் வாய்க்கு மட்டும்தான் பயந்தாள். பிறந்த வீட்டில் கேட்க நாதியில்லாதவள் என்பது ரெங்கம்மாளின் ஓயாத பாட்டு. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா?

அந்த வாயை மூடத்தான் மகள் தங்கப்பொண்ணின் காதுகுத்துக்குக் காத்திருந்தாள். எழுபத்தெட்டு, வைகாசி மாதம். தாய்மாமன் சீரோடு வந்து, பிள்ளையை மடியில் வைத்தால்தான் காது குத்த முடியும். பத்து மணிக்கு வருவதாகச் சொன்ன அண்ணன் சுருளியைப் பன்னிரண்டாகியும் காணோம். பந்தலில் ரெங்கம்மாள் பக்கத்திலிருந்தவளின் காதைக் கடித்தாள். ஜெயக்கொடிக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. கோயில் வாசலிலேயே நின்று பஸ் வரும் ரோட்டைப் பார்த்தாள்.

ஐந்து வயதுப் பிள்ளை வந்து சேலையை இழுத்தது. "ஆத்தா, தலை வலிக்குது."

மாமன் வரட்டும், பொறு என்றாள். மறுபடி வந்தது. கை சுட்டது, வெயில் என்று நினைத்துக்கொண்டாள். மூன்றாம் முறை முதுகில் ஒன்று வைத்தாள். அதன்பின் பிள்ளை வரவில்லை. பந்தல்கால் ஓரம் சுருண்டு படுத்துக்கொண்டது.

சுருளி இரண்டு மணிக்கு வந்தான். தங்கச்சி தலைகுனியக் கூடாதென்று, வாங்கிய தோட்டைக் கொடுத்துப் பெரிய தோடாக மாற்ற நகைக்கடையில் நின்றுவிட்டானாம். மேளம், இருபத்தோரு தட்டு, கிடாய். ரெங்கம்மாள் வாயடைத்துப் போனாள். ஜெயக்கொடிக்கு அப்படியொரு சந்தோஷம் வாழ்நாளில் வந்ததில்லை.

பிள்ளையை மடியில் வாங்கியதும் சுருளி பதறினான். உடம்பு கொதிக்கிறது, முதலில் ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்றான்.

"குத்திட்டுப் போவோம்ணே. எல்லாரும் பாத்துக்கிட்டு இருக்காங்க."

ஊசி இறங்கியது. பிள்ளை அழவில்லை. அப்போதுதான் அவள் குனிந்து பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

மூளைக்காய்ச்சல். மதுரையில் இருபது நாள் கிடந்து உயிர் தப்பியது. காது இரண்டும் போய்விட்டது. இருந்த பேச்சும் மெல்ல மறந்து போனது.

பொங்கல்தோறும் வரும் சுருளி, நான் நேரத்துக்கு வந்திருந்தால் என்று புலம்பத் தொடங்குவான். எட்டு வருஷம் கேட்டுக்கொண்டிருந்தவள் ஒருநாள் நிறுத்தினாள்.

"விடுண்ணே. அது மூணு தடவை சொல்லுச்சு. அன்னைக்குக் காது கேக்காம நின்னவ நான்தான்."

இப்போதெல்லாம் அடுப்பில் எது கிடந்தாலும், தங்கப்பொண்ணு சேலையைத் தொட்ட நொடியில் ஜெயக்கொடி திரும்பிவிடுகிறாள். எங்கே வலிக்கிறது என்று சொல்லத்தான் பிள்ளைக்கு வாயில்லை.