ஹால் விளக்கைப் போட்டுவிட்டுத்தான் போகிறேன்

கல்யாணமாகித் தாராபுரம் போன புதிதில் எனக்கு அடிக்கடி நீர்க்கடுப்பு வந்தது. மாமியார் வீட்டில் ஹாலைத் தாண்டித்தான் கழிவறை. ஹாலில் எல்லோரும் படுத்திருப்பார்கள். கணவரோடு சேர்ந்த பிறகு அவர்களைத் தாண்டிப் போகக் கூச்சப்பட்டு, விடியும்வரை சிறுநீரை அடக்கிக்கொண்டே கிடப்பேன். போகப்போக அவர் தொட்டாலே வலிக்குமே என்று பயம் வந்துவிட்டது.

ஒருநாள் விருந்தில் நாத்தனார் எல்லோர் முன்னாலும், "ஏனம்மணி, நிமிசத்துக்கு ஒருக்கா ஓடறயே, கக்கூசுலயே ஒரு கட்டில் போட்டுறலாமா?" என்றார். என் கணவரும் சேர்ந்து சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் விடுவதாக இல்லை.

காய்ச்சலோடு சிறுநீரில் ரத்தமும் வந்ததும், கணவரை ஆர்.எஸ்.புரத்தில் ஒரு பெண் டாக்டரிடம் இழுத்துப்போனேன். "நான் வெளியவே இருக்கறேன்" என்றார். "உள்ள வாங்க, இது ரெண்டு பேர் சமாச்சாரம்" என்று பக்கத்தில் உட்காரவைத்தேன்.

டாக்டர் பரிசோதித்துவிட்டு, "சிறுநீர்ப் பாதையில தொற்று. கிட்னிக்கு ஏறப் பார்த்திருக்குதுங்க. மருந்து முடியற வரைக்கும் சேர வேண்டாம். அப்புறமும் சேர்ந்த உடனே போய் ஒண்ணுக்கு இருந்துறணும், அடக்கவே கூடாது" என்றார். கணவர் தலை நிமிரவில்லை.

வீட்டுக்கு வந்ததும், டாக்டர் சொன்ன அத்தனையையும் கணவர் வாயாலேயே, அப்போது வந்து தங்கியிருந்த நாத்தனாரிடம் சொல்லவைத்தேன். "அய்யோ, போதும் உடு தம்பி!" என்று நாத்தனார் காதைப் பொத்திக்கொண்டார். "இன்னும் இருக்குதுங்க, உக்காருங்க" என்றேன்.

இப்போது வலியும் இல்லை, பயமும் இல்லை. எந்த நேரமானாலும் ஹால் விளக்கைப் போட்டுவிட்டுத்தான் கழிவறைக்குப் போகிறேன். நாத்தனார் வந்து ஹாலில் படுக்கும் நாட்களில் மட்டும் அதை அணைக்கக் கொஞ்சம் மறந்துவிடுகிறேன்.

- பெயர் வேண்டாம் என்ற வாசகி, தாராபுரம்