கழுத்து நெட்டி

சலூன்காரர் முடி வெட்டி முடித்ததும் கழுத்துக்கு நெட்டி எடுத்துவிடுவார். தாடையில் ஒரு கை, பிடரியில் ஒரு கை. இந்தப் பக்கம் ஒரு சொடுக்கு, அந்தப் பக்கம் ஒரு சொடுக்கு. அதற்காகவே வருகிறவர்கள் உண்டு. மனைவியின் தம்பிக்கும் அவர்தான் தொழில் பழக்கினார். அவனுக்குக் கத்தரிக்கு முன்பே நெட்டி கைவந்துவிட்டது.

ஒருநாள் கடைப் பெயர்ப்பலகையைத் துடைக்க ஏணியில் ஏறிய சலூன்காரர் தலைகுப்புற விழுந்தார். எழுந்து நாற்காலியில் உட்கார்ந்து சிரித்தார். கழுத்து மட்டும் ஒருபக்கமாகச் சாய்ந்து நின்றது.

"பிடிச்சுக்கிச்சு மாப்ள. ஒரு நெட்டி எடு, சரியாப் போயிடும்."

"வலிக்குதா மாமா?"

"ஊருக்கெல்லாம் எடுக்குற, எனக்கு எடுக்க மட்டும் கை கூசுதாக்கும்?"

எடுத்தான். சத்தம் வரவில்லை. அவருடைய வலது கை மடியிலிருந்து நழுவித் தொங்கியது.

ஆஸ்பத்திரியில் படம் எடுத்தார்கள். தலையைத் தாங்கும் முதல் எலும்பு இரண்டாவதை விட்டு விலகித் தண்டுவடத்தை அழுத்திக்கொண்டிருந்தது. மண்டையின் இரு பக்கமும் இடுக்கி மாட்டி, எடை தொங்கவிட்டு மெல்ல இழுத்தார்கள். அடுத்து ஆபரேஷன்.

"பிடரியைத் திறந்து ரெண்டு எலும்பையும் திருகாணி, கம்பி வச்சுப் பூட்டணும். இடுப்பெலும்புல கொஞ்சம் எடுத்து நடுவுல வைப்போம். ஒட்டிக்கும். தலை பாதிதான் திரும்பும்" என்றார் டாக்டர்.

"கை?" என்றாள் மனைவி.

"அழுத்தத்தை எடுத்துட்டுத்தாம்மா பாக்கணும்."

தம்பி வார்டுக்குள் வரவில்லை. சாப்பாட்டை வாசலிலேயே கொடுத்துவிட்டுத் திரும்பினான்.

"உள்ள வந்து ஒரு வார்த்தை பேசேன்டா."

"எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுக்கா?"

ஆபரேஷனுக்குப் பிறகு அவருடைய கை மெதுவாகத்தான் சரியாகி வந்தது. சீப்பைப் பிடித்தது. கத்தரி வளையத்தில் விரல் நுழைந்தது, ஆனால் அலகு மூடவில்லை.

கழுத்துப் பட்டையைக் கழற்றியதும் அவர் நேராகக் கடைக்குப் போய் நாற்காலியில் உட்கார்ந்தார். தழும்பைச் சுற்றி முடி தாறுமாறாக வளர்ந்திருந்தது.

"வெட்டு."

"வேற யார்கிட்டயாவது போங்க மாமா."

"கேட்டவன் நான், எடுத்தவன் நீ. பழியப் பாதி பாதி வச்சுக்குவோம். தலையே பாதிதான் திரும்புது."

அவன் சிரிக்கவில்லை. வெட்டினான். தலையை விரலால் சாய்க்காமல் நாற்காலியைச் சுற்றிச் சுற்றி வந்தான். காதோரத்துக்கு மண்டியிட்டான். துணியை உதறியதும் பழக்கத்தில் இரண்டு கைகளும் தாடைக்கும் பிடரிக்கும் உயர்ந்து நடுவில் நின்றன. கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்த அவர் கண்களை மூடிக்கொண்டார்.

கைகள் கீழே இறங்கின.

பெஞ்சில் காத்திருந்தவர், "எனக்கு வெட்டிட்டு ஒரு நெட்டியும் எடுத்துவிடுப்பா" என்றார்.

சலூன்காரர் எழுந்து, உடம்பு முழுவதையும் அவர் பக்கம் திருப்பினார்.

"இனிமே இங்க முடி மட்டும்தாங்க."